ஆயில் குறைந்து இன்ஜின் போகாமல் இருக்க: புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

மெக்கானிக் பழைய நாளிதழ் ஒன்றைத் தரையில் விரித்து, என் காரிலிருந்து கழற்றிய, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகளை அதன் மேல் வரிசையாக வைத்தார். நான்கு சிலிண்டருக்கு எட்டு அரைவட்டத் துண்டுகள். நல்ல பேரிங் மங்கிய சாம்பல் நிறத்தில், விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கும். என்னுடையதில் ஆறு துண்டுகள் மேல்பூச்சு தேய்ந்து, அடியில் இருக்கும் செம்பு நிறத்தைக் காட்டின. மீதி இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கருகி, ஒரே தகடாக ஒட்டிப்போயிருந்தன. இன்ஜினின் அடித்தொட்டியான சேம்பரிலிருந்து வடித்த ஆயிலை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார். மூன்று லிட்டருக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் லிட்டர்கூட இல்லை. பாட்டிலை வெயிலில் சாய்த்துக் காட்டினார். கறுப்பு ஆயிலுக்குள் வெள்ளிப் பொடி கலந்ததுபோல மின்னியது. பேரிங்கிலிருந்து உதிர்ந்த உலோகம் அது.

அதற்கு முந்தைய நாள் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறியிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில், வண்டியை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் மீட்டரில் எண்ணெய்க் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. நேர் ரோட்டுக்கு வந்ததும் எரியவில்லை. எங்கோ வயர் லூஸ் என்று நினைத்துக்கொண்டேன். சர்வீஸ் செய்து 7,000 கி.மீ. தான் ஆகியிருந்தது, ஆயிலைப் பற்றிய நினைப்பே வரவில்லை. மறுநாள் மலையிறங்கி, சேந்தமங்கலம் தாண்டியதும் இன்ஜினுக்குள்ளிருந்து 'டக் டக்' என்று யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தட்டலும் வேகமானது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. அதன் பிறகு சாவியைத் திருப்பினால் ஒற்றை 'டக்' மட்டும்தான். இன்ஜின் சீஸ், அதாவது உள்ளே இறுகிப்போய்ச் சுற்றாமல் நின்றுவிட்டது.

"தம்பி, மலையில லைட்டு எரிஞ்சப்பவே ஓரங்கட்டி ஆஃப் பண்ணியிருந்தா ரெண்டரை லிட்டர் ஆயிலோட போயிருக்கும்" என்றார் மெக்கானிக். நாமக்கல்லில் முப்பது வருடமாக லாரி இன்ஜினும் கார் இன்ஜினும் பிரித்துப் பூட்டுகிறவர். ஆன செலவு 78,000 ரூபாய். முதல் கார் வாங்கியிருக்கும் எவருக்கும், அதிலும் பழைய கார் வாங்கியவர்களுக்கு, இப்படி ஒரு நாள் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மெக்கானிக் தேவையில்லை. ஒரு துணியும் ஐந்து நிமிடமும் போதும்.

ஆயில் குறைந்தால் உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜினின் அடியில் இருக்கும் தொட்டியைத்தான் சேம்பர் என்கிறோம். அதன் அடியில் வலை பொருத்திய ஒரு குழாய் மூழ்கியிருக்கும். ஆயில் பம்ப் அந்தக் குழாய் வழியாக ஆயிலை உறிஞ்சி, ஃபில்டரில் வடிகட்டி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ என்று எல்லா இடத்துக்கும் அழுத்தத்தோடு அனுப்புகிறது. வேலை முடித்த ஆயில் வழிந்து மறுபடி சேம்பருக்கே வந்துவிடும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்றால் கிராங்க் நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. அவ்வளவு வேகத்திலும் கிராங்கின் இரும்பு பேரிங்கைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது, கிராங்க் அதில் மிதந்தபடியே சுற்றுகிறது. சேம்பரில் ஆயில் குறையும்போது என்ன ஆகும்? சமதளத்தில் உறிஞ்சு குழாய் மூழ்கியிருக்கும், பிரச்சினை தெரியாது. வளைவில் திருப்பினாலோ, சட்டென்று பிரேக் போட்டாலோ, மேட்டில் ஏறினாலோ, இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். குழாயின் வாய் வெளியே வந்து, பம்ப் காற்றை உறிஞ்சும். கொல்லிமலை வளைவுகளில் மட்டும் விளக்கு எரிந்ததற்குக் காரணம் அதுதான்.

படலம் அறுந்தால் இரும்பு இரும்போடு உரசும். சில நொடிகளிலேயே பேரிங்கின் மென்மையான மேல்பூச்சு உருகி இழுபடத் தொடங்கும். அந்தச் சூட்டில் பேரிங் கிராங்கோடு ஒட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்தைவிட்டுச் சேர்ந்து சுழலும். ராடு முறிந்து பிளாக்கையே ஓட்டை போட்டு வெளியே வந்த வண்டிகளும் உண்டு. டர்போ இருந்தால் அதன் கதை இன்னும் சீக்கிரம் முடியும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது, ஆயில் இல்லாமல் அது தாங்கவே தாங்காது.

இன்னொன்று, காற்று உறிஞ்சும் அளவுக்குக் குறைவதற்கு முன்பே கெடுதல் தொடங்கிவிடுகிறது. ஆயில் உயவு மட்டும் தருவதில்லை, பிஸ்டன், பேரிங் ஆகியவற்றின் சூட்டையும் சுமந்து வருகிறது. மூன்று லிட்டர் சுமக்க வேண்டிய சூட்டை ஒன்றரை லிட்டர் சுமந்தால் அது அதிகம் சூடாகும், நீர்த்துப் போகும், சீக்கிரம் கெட்டும் போகும்.

அந்தச் சிவப்பு விளக்கு சொல்வது என்ன?

புதியவர்கள் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. பெட்ரோல் குறைந்தால் எரியும் விளக்கைப் போல, ஆயில் குறைந்தால் இது எரியும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பெரும்பாலான கார்களில் அது அளவைக் காட்டும் விளக்கு அல்ல, அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. ஆயில் அழுத்தம் மிகவும் கீழே இறங்கிய பிறகுதான் எரியும். ஒன்று, ஒன்றரை லிட்டர் குறைந்தாலும் பம்பால் உறிஞ்ச முடிகிறவரை விளக்கு அமைதியாகவே இருக்கும். சில கார்களில் அளவுக்கென்று தனியாக மஞ்சள் விளக்கு உண்டு. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று ஓனர்ஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் கீழே வரும் முதல் படியை விட்டுவிட வேண்டாம்.

சிவப்பு விளக்கு வேலை செய்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாவியை 'ஆன்' வரை திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன ஓரிரு நொடியில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் சென்சாரிலோ வயரிலோ கோளாறு. பழைய வண்டியை விற்பதற்கு முன் இந்த விளக்கின் இணைப்பைக் கழற்றி விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

படி 1: டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பது நல்லது. இரவு முழுக்க நின்றதில் ஆயில் எல்லாம் சேம்பருக்கு இறங்கியிருக்கும். ஓட்டிவிட்டு வந்து பார்ப்பதாக இருந்தால் இன்ஜினை அணைத்து 5 முதல் 10 நிமிடம் பொறுங்கள். சில தயாரிப்பாளர்கள் இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் பார்க்கச் சொல்கிறார்கள், மேனுவலில் இருப்பதே சரி. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். வாசல் சரிவில் ஒரு பக்கம் ஏற்றி நிறுத்திவிட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும்.

பானட்டைத் தூக்கி, இன்ஜினை ஒட்டி மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வளையம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுதான் டிப் ஸ்டிக். ஆட்டோமேட்டிக் கார்கள் சிலவற்றில் கியர் ஆயிலுக்கும் ஒரு ஸ்டிக் இருக்கும், மாற்றிக்கொள்ள வேண்டாம். உருவி எடுத்து, நூல் உதிராத பழைய பனியன் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். மறுபடி கடைசி வரை அழுத்திச் செருகி, திரும்பவும் எடுங்கள். இரண்டாவது முறை எடுக்கும்போது தெரிவதுதான் உண்மையான அளவு. முதல் முறை தெரிவது ஓட்டத்தில் தெறித்துப் படிந்தது.

நுனியில் இரண்டு குறிகள் இருக்கும். இரண்டு துளையாகவோ, 'எஃப்', 'எல்' என்ற எழுத்தாகவோ, நடுவில் கட்டம் போட்ட பட்டையாகவோ இருக்கலாம். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும், மேல்குறிக்குப் பக்கத்தில் என்றால் நிம்மதி. ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரிந்தால் தாழ்வானதைக் கணக்கில் எடுங்கள். புதிதாக ஊற்றிய பெட்ரோல் இன்ஜின் ஆயில் தேன் நிறத்தில், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. வெள்ளைத் தாளில் ஸ்டிக்கைப் பதித்து எடுத்தால் ஈரம் எதுவரை என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலான கார்களில் மேல்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையே ஏறத்தாழ 1 லிட்டர், சிறிய கார்களில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மொத்தமே மூன்றரை லிட்டர் பிடிக்கும் ஒரு சின்ன காரில் கீழ்க்குறியைத் தொட்டுவிட்டால் கால் பங்கு ஆயில் போய்விட்டது. ஸ்டிக்கின் நுனியில்கூட ஈரம் இல்லை என்றால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யக் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? 1,000 கி.மீ.க்கு ஒருமுறை அல்லது மாதம் இரண்டு முறை. நெடுந்தூரப் பயணத்துக்கும் மலைப் பயணத்துக்கும் முன்னால் கட்டாயம். சர்வீஸ் முடிந்து வண்டி கைக்கு வந்த அன்றும் பாருங்கள். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு அதன் மேலேயே புதியது ஏறிவிடுவதும், டிரெயின் நட்டைச் சரியாக முறுக்காமல் விடுவதும், அளவு பார்க்காமல் கூடுதலாக ஊற்றுவதும் நல்ல கடைகளிலும் நடக்கிற தவறுகள்தான்.

"சர்வீஸ் செய்து ஆறு மாதம்தானே ஆகிறது" என்று நினைத்தால், தயவுசெய்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓடுகிற இன்ஜின் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பே என்று மேனுவலில் எழுதியிருக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. உங்கள் வண்டி அதைவிடக் குறைவாக, 300 மில்லி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் இடைவெளி 10,000 கி.மீ. என்றால் அதற்குள் 3 லிட்டர் போய்விடும். அது ஒரு சின்ன காரின் சேம்பரில் இருப்பது கிட்டத்தட்ட மொத்தமும். என் வண்டி 7,000 கி.மீ.யில் இரண்டரை லிட்டர் குடித்திருந்தது. கசிவு இல்லை, தரையில் ஒரு சொட்டும் இல்லை.

படி 2: குறைந்திருந்தால் ஊற்றுங்கள்

எந்த ஆயில் என்பது மேனுவலில் இருக்கும், பல கார்களில் ஆயில் மூடியிலேயே அச்சிட்டிருக்கும். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்பது போன்ற கிரேடு. பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் காராக இருந்தால் கிரேடு மட்டும் பார்த்தால் போதாது. புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டியை அடைக்காத, சாம்பல் குறைந்த ஆயில் அதற்கு வேண்டும். மேனுவலில் சொன்ன தரக்குறி டப்பாவில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

எண்ணெய்க் கேன் படம் போட்ட மூடியைத் திறந்து, புனல் வைத்து, 200 மில்லி அளவு ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் விட்டு ஸ்டிக்கில் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் 200 மில்லி. மேல்குறியைத் தாண்ட விடாதீர்கள். அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருக்கிறது, அதனால் பேரிங்கில் ஆயில் படலம் நிற்காது. ஊற்றி முடித்ததும் மூடியை இறுக்கிவிட்டு, ஸ்டிக்கைத் திரும்பச் செருகிவிட்டுத்தான் பானட்டை இறக்க வேண்டும்.

நடுவழியில் சரியான கிரேடு கிடைக்கவில்லையா? பெட்ரோல் பங்கில் கிடைக்கும், பக்கத்துக் கிரேடில் உள்ள நான்கு சக்கர இன்ஜின் ஆயிலை ஊற்றி ஓட்டலாம். ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஊர் வந்ததும் முழுதாக மாற்றிவிடுங்கள். டூ ஸ்ட்ரோக் ஆயில், கியர் ஆயில் எந்த அவசரத்திலும் கூடாது.

படி 3: ஆயில் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்

ஊற்றிக்கொண்டே இருப்பது தீர்வு ஆகாது. இரவில் வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் பழுப்பு அல்லது கறுப்புச் சொட்டு இருந்தால் கசிவு. பெரும்பாலும் டிரெயின் நட் வாஷர், ஃபில்டர், ஹெட் கவர் கேஸ்கெட், கிராங்க் ஆயில் சீல் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். கிராமத்துச் சாலைகளில் குறி போடாத வேகத்தடையில் வண்டியின் அடி உரசினால், கொஞ்ச தூரத்தில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். சேம்பர் விரிசல் விட்டால் மூன்று லிட்டரும் வடிய அதிக நேரம் ஆகாது.

அட்டை சுத்தமாக இருந்தும் அளவு குறைகிறது என்றால் ஆயில் எரிகிறது. புகையைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலம் கலந்த புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஓட்டத்தில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், அல்லது டர்போ. மூடியின் உள்பக்கம் காப்பி நிறத்தில் மோர் நுரைபோலப் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ரேடியேட்டரில் இருக்கும் கூலன்ட்டும் குறைகிறது என்றால், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். டீசல் காரின் இன்ஜின் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும்.

நல்ல பெயர் உள்ள இன்ஜின்களிலும் இது வரும். டொயோட்டாவின் 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று அளவுக்கு மீறி ஆயில் எரித்தது. 2007 முதல் 2009 வரையிலான கேம்ரி உட்படச் சில கார்களுக்கு அமெரிக்காவில் அந்த நிறுவனம் வாரண்டியை நீட்டி, பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றித் தந்தது. எந்த பிராண்டு என்பதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 4: ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால்

இந்த ஒரு பகுதியை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். விளக்கு ஒரு நொடி மின்னினாலும் சரி, வளைவில் மட்டும் எரிந்தாலும் சரி, இண்டிகேட்டர் போட்டு உடனே ஓரங்கட்டுங்கள். அடுத்த பங்க் வரை, அடுத்த ஊர் வரை என்று போகாதீர்கள். நின்றதும் இன்ஜினை அணையுங்கள். ஐடிலிங்கில் விடுவதும் ஓட்டுவதுதான். அப்போதும் பேரிங் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

பத்து நிமிடம் கழித்து ஸ்டிக்கைப் பாருங்கள். குறைந்திருந்தால், அடியில் ஓட்டை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஊற்றுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடியில் விளக்கு அணைந்து, சத்தம் எதுவும் இல்லை என்றால் மெதுவாக மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாம். அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தாலும் அப்படியே. பம்ப் போயிருக்கலாம், உறிஞ்சு குழாயின் வலை கசடால் அடைத்திருக்கலாம், வெறும் சென்சார் கோளாறாகவும் இருக்கலாம். ரோட்டோரத்தில் நின்றபடி எது என்று நம்மால் முடிவு செய்ய முடியாது. இன்ஜினின் மேல்பக்கம் 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம் வந்தால் ஆயில் மேலே எட்டவில்லை. அடியிலிருந்து கனமான 'டக் டக்' வந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் ஓர் அடிகூட ஓட்டக் கூடாது.

படி 5: இன்ஜின் நின்றே விட்டால்

திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பாதீர்கள். நான்கு பேர் சேர்ந்து தள்ளி, கியரில் போட்டு ஸ்டார்ட் செய்யவும் முயல வேண்டாம். கிராங்கைத் தீட்டிச் சரிசெய்துவிடலாம் என்ற நிலையில் இருப்பது, இப்படிச் செய்வதால் கிராங்கையே மாற்ற வேண்டிய நிலைக்குப் போகும்.

இன்சூரன்ஸில் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரண மோட்டார் பாலிசி இப்படி ஆயில் குறைந்து பழுதாவதை ஏற்காது. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாலிசி எடுத்திருந்து, அடியில் அடிபட்டு ஆயில் ஒழுகியதால் சேதம் என்றால் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதிலும், அடிபட்டது தெரிந்தும் ஓட்டினீர்கள் என்றால் மறுப்பார்கள். இடத்திலேயே படம் எடுத்து, அங்கிருந்தே கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

பிரித்துப் பார்த்த பிறகு மூன்று வழிகள் இருக்கும். கிராங்கில் கீறல் குறைவு என்றால் 0.25 அல்லது 0.50 மி.மீ. தீட்டி, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம். என் வண்டிக்கு இதைத்தான் செய்தார்கள். சேதம் அதிகம் என்றால் ஹாஃப் இன்ஜின், அதாவது பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்த கீழ்ப்பகுதி மாற்ற வேண்டும். மூன்றாவது, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய முழு இன்ஜின் வாங்கிப் போடுவது. செலவு குறையலாம், ஆனால் அந்த இன்ஜினின் கடந்த காலம் நமக்குத் தெரியாது. இன்ஜின் எண் மாறுவதால் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற வேண்டும். விற்றவரிடம் பில் வாங்காமல் அந்த இன்ஜினைத் தொடாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் ஆயில் கூலரையும் ஆயில் செல்லும் துளைகளையும் முழுதாகக் கழுவச் சொல்லி, பக்கத்தில் இருந்து பாருங்கள். பழைய உலோகப் பொடி ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் புது பேரிங்கை அரித்துவிடும். வேலை முடிந்த பின் முதல் 1,000 கி.மீ.க்கு அதிக வேகம், அதிக சுமை வேண்டாம். அது முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். அந்த 1,000 கி.மீ.யில் நான் 200 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டிக் எடுத்துப் பார்த்து, டேஷ்போர்டில் இருக்கும் சின்ன நோட்டில் தேதி, மீட்டர், அளவு என்று எழுதினேன். இப்போது 1,000 கி.மீ.க்கு ஒரு வரி எழுதுகிறேன். டிக்கியில் அதே கிரேடு ஆயில் ஒரு லிட்டர், ஒரு புனல், ஒரு பனியன் துணி.